வெளியூர் விமான நிலையத்தில் டயர் பஞ்சர்: சிறு விமானம் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே பேசுவது செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களைப் பற்றி. சக்கரம் மடங்காது, டயருக்குள் டியூப் இருக்கும். சொந்த ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) காற்று இறங்கினால் அது வெறும் அரைநாள் வேலை. தெரியாத ஊரில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் இறங்கினால்தான் அவசரம் புத்தியைக் கெடுக்கிறது. காற்றுப் போன டயர் விமானத்துக்குச் செய்யும் சேதம் கொஞ்சம்தான். அடுத்த அரைமணி நேரத்தில் நாம் பதறிச் செய்யும் காரியங்கள்தான் பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

தரையிறங்கி ஓடும்போது விமானம் ஒரு பக்கமாக இழுக்கிறது, அதிர்கிறது. டயர்தானா?

பெரும்பாலும் டயர்தான். பிரேக் பிடித்துக்கொண்டாலும் இப்படி இழுக்கும். மூக்குச் சக்கரம் படபடவென்று ஆடினாலும் அதிரும். ஆனால் அந்த ஆட்டம் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்து மூக்கின் பாரத்தைக் குறைத்தால் தணியும். காற்றுப் போன டயர் அப்படித் தணியாது. வேகம் குறையக் குறைய இழுப்பு கூடிக்கொண்டே போகும், ஏனென்றால் இறக்கை தூக்கிக்கொண்டிருந்த பாரம் இப்போது சக்கரத்தில் இறங்குகிறது.

ரட்டரை (திசை திருப்பும் செங்குத்து வால் பலகையை) எதிர்ப்பக்கம் கொடுங்கள். நல்ல டயர் பக்கத்துப் பிரேக்கை மட்டும், மிதமாக. எய்லிரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகையை) நல்ல பக்கம் திருப்பினால் பஞ்சரான பக்கத்தின் பாரம் சற்றுக் குறையும். நேராக ஓடி நிற்பதுதான் குறிக்கோள். அடுத்த டாக்சிவேயை (ரன்வேயிலிருந்து விலகும் பாதையை) எட்டிப் பிடிப்பதல்ல.

நின்றுவிட்டேன், ஆனால் ரன்வேயின் நடுவில். எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி ஓரம் போகலாமா?

முதலில் ரேடியோவில் சொல்லுங்கள். டவர் இருந்தால் டவரிடம், இல்லாவிட்டால் அந்த நிலையத்தின் பொது அலைவரிசையில்: ரன்வேயில் நிற்கிறேன், டயர் போய்விட்டது, நகர முடியவில்லை. பின்னால் வருகிறவர் சுற்றிப் போய்க்கொள்வார். அவருக்காக நீங்கள் ரிம்மைத் தேய்க்க வேண்டியதில்லை.

ஏன் உருட்டக் கூடாது? டயர் தட்டையானதும் ரிம்மின் விளிம்பு தரையைத் தொடும். சக்கரம் அலுமினியமோ மெக்னீசியமோ, எதுவானாலும் தார்த் தரையில் பத்து மீட்டர் ஓடினாலே விளிம்பு தேயும், விரிசலும் விடலாம். உள்ளே டியூப் கிழிந்து கசங்கும். சக்கர உறை மாட்டியிருந்தால் அது தரையில் உரசி உடையும். கிழிந்த ரப்பர் சுழன்று பிரேக் குழாயை அடிப்பதும் உண்டு. ஒரு டியூபோடு முடிய வேண்டிய செலவில் சக்கரம், உறை, பிரேக் எல்லாம் வந்து சேரும்.

மூக்குச் சக்கரமாக இருந்தால் இன்னொரு பயம் புரொப்பெல்லர். மூக்குச் சக்கர விமானங்களில் புரொப்பெல்லருக்கும் தரைக்கும் குறைந்தது 7 அங்குலம் இடைவெளி வேண்டும் என்றும், டயர் முழுக்கத் தட்டையாகி, அதிர்வுதாங்கி முழுக்க அமுங்கினாலும் தரையைத் தொடக் கூடாது என்றும் அமெரிக்காவின் சிறு விமான வடிவமைப்பு விதி 23.925 சொன்னது. அசையாமல் நிற்கும் விமானத்துக்கு அது ஆறுதல். பள்ளத்தில் குதித்து ஓடும் விமானத்துக்கு அல்ல.

வேறு வழியே இல்லை, பெரிய விமானம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்றால் ஊர்ந்து ஓரம் போவது உங்கள் முடிவு. ஆள் பாதுகாப்புக்காக ரிம் போனால் போகட்டும். அது தெரிந்தே கொடுத்த விலை.

எஞ்சின் இல்லாமல் எப்படி நகர்த்துவது?

பல நிலையங்களில் இதற்கென்றே சின்னச் சக்கரப் பலகை வைத்திருப்பார்கள். பஞ்சரான சக்கரத்தை அதன்மேல் ஏற்றி இழுப்பார்கள். அது இல்லாத இடத்தில் பாரச் சாமான் நகர்த்தும் தட்டு வண்டி, உறுதியான பலகை என்று எதையாவது கண்டுபிடிப்பார்கள். எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பக்கத்தை எதைப் பிடித்துத் தூக்குவது?

மேல் இறக்கை விமானத்தில், இறக்கையைத் தாங்கும் கம்பி இறக்கையோடு சேரும் இடம். கீழ் இறக்கை விமானத்தில், முதுகெலும்பு போன்ற பிரதான விட்டம் ஓடும் கோட்டுக்கு நேர் கீழே. இறக்கை நுனியையோ ஃபிளாப்பையோ (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகையையோ) பிடித்துத் தூக்க ஆள் வந்தால் தடுத்துவிடுங்கள். உதவ வருகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் விமானத்தின் எந்த இடம் கனம் தாங்கும், எது வெறும் தகடு என்று அவர்களுக்குத் தெரியாது.

மூக்கைத் தூக்க வாலை அமுக்குவார்கள். அதிலும் ஒரு நுணுக்கம்: அமுக்க வேண்டியது கிடைமட்ட வாலுக்குச் சற்று முன்னால், உடம்பில் ரிவெட் வரிசை தெரியும் இடத்தில், உள்ளே சட்டம் இருக்கிறது என்று தெரிந்து. வால் இறக்கையின் மேல் சாய்ந்து அமுக்குவது பழக்கத்தில் நிறைய நடக்கிறது. உள்ளே விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது. புரொப்பெல்லரைப் பிடித்துத் தூக்குவது எக்காலத்திலும் வேண்டாம்.

வானத்தில் இருக்கும்போதே டயர் போனது தெரிந்தால்?

தெரிய வருவது பெரும்பாலும் அடுத்தவர் சொல்லித்தான். ரன்வேயில் ரப்பர் துண்டு கிடக்கிறது என்று டவர் சொல்லும். அவசரம் ஒன்றுமில்லை, பறக்க டயர் தேவையில்லை. எரிபொருளைப் பார்த்து, அகலமான, நீளமான ரன்வேயும் மெக்கானிக்கும் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தீயணைப்பு வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்; அவர்கள் இருப்பதே அதற்குத்தான்.

பிரதான சக்கரம் என்றால் முழு ஃபிளாப்போடு வழக்கமான அணுகல், நல்ல டயரில் முதலில் தொடுதல், மற்றதை எய்லிரானால் முடிந்தவரை தூக்கி வைத்தல். செஸ்னா கையேடுகளும் இதையேதான் சொல்கின்றன. நான் கூடுதலாகச் சொல்வது, ரன்வேயின் நட்ட நடுவில் இறங்காதீர்கள் என்பது. இடது டயர் போயிருந்தால் விமானம் இடப்பக்கம் இழுக்கும். ஆகவே வலப்பாதியில் இறங்கினால் இழுப்பதற்கு இடம் மிஞ்சும். மூக்குச் சக்கரம் என்றால் மூக்கை முடிந்தவரை தூக்கியே வைத்து, அது தொட்ட பிறகும் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை) முழுக்க இழுத்துப் பிடியுங்கள்.

மேலெழ ஓடும்போது டயர் போனால்?

ரன்வே மிச்சமிருந்தால் நிறுத்துங்கள். மிச்சமில்லை, வேகம் வந்துவிட்டது என்றால் எழும்பிவிட்டு மேலே சொன்னபடி இறங்குங்கள். சக்கரம் மடங்கும் விமானமாக இருந்தால் மடக்கவே வேண்டாம். கிழிந்த ரப்பர் கூட்டுக்குள் மாட்டிக்கொண்டால் பிறகு இறங்காது.

இரவு நன்றாக இருந்தது, காலையில் வந்து பார்த்தால் தட்டை. காற்றடித்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்துவிடலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, தவறான பதிலும் இதற்குத்தான் அதிகம் கிடைக்கிறது. “காற்று நிற்கிறது, போய்விடலாம்” என்று நாலு பேர் சொல்வார்கள்.

என் பதில்: காற்று ஏன் இறங்கியது என்று தெரிந்தால் போகலாம், தெரியாவிட்டால் கூடாது. முதலில் வால்வு மூடியைக் கழற்றிக் காற்றடித்துப் பாருங்கள், பிறகு வால்வில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். குமிழ் வந்தால் வால்வின் உள்ளே இருக்கும் சின்ன ஊசிதான் குற்றவாளி. அதை இறுக்கவோ மாற்றவோ ஐந்து நிமிடம் போதும். மாற்றிய பிறகும் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். நின்றால் பறக்கலாம்.

குமிழ் வால்வுத் தண்டின் அடியிலிருந்து வந்தால் கதை வேறு. காற்றுக் குறைவாக இருந்த டயர் தரையைத் தொடும்போது ரிம்மின் மேல் சற்று நழுவும். டியூப் டயரோடு போகும், வால்வு ரிம்மில் மாட்டியபடி நிற்கும். தண்டின் அடி கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். இந்த நழுவலைக் கண்டுபிடிக்கத்தான் டயரிலும் ரிம்மிலும் சேர்த்துச் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். கோட்டின் இரு பாதியும் விலகியிருந்தால் டியூப் மாற்றாமல் நகர வேண்டாம். அந்த டியூப் இன்று காற்றைப் பிடித்துக்கொள்ளும், இறங்கும்போது கைவிடும்.

டயரின் மேற்பரப்பையும் சுற்றிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு விமானத்தை முன்னே தள்ள வேண்டியிருக்கும். அடியில் இருக்கும் பாகத்தில்தான் ஆணி இருக்கும் என்பது எழுதப்படாத விதி. முள், திருகாணி, போல்ட் கழலாமல் கட்டும் பாதுகாப்புக் கம்பியின் வெட்டுத் துண்டு எல்லாம் விமான நிறுத்தங்களில் கிடப்பவைதான். பிரேக்கை மிதித்தபடி இறங்கினதில் தேய்ந்த ஒற்றைத் தட்டை இடம் இருந்து, அதில் நூல் தெரிந்தால் டயரும் போயிற்று.

எத்தனை பவுண்டு அடிப்பது? கார் டயருக்கு அடிக்கும் பம்பு போதுமா?

விமானத்தின் கையேட்டில் இருக்கும் எண்தான். பக்கத்தில் நிற்கும் அதே மாதிரி விமானத்தைக் கேட்டு அடிக்காதீர்கள். பழைய செஸ்னா 172என் வகையில் பிரதான சக்கரத்துக்கு 29, மூக்குக்கு 31 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). புதிய 172எஸ் வகையில் அவை 42, 45. பெயர் ஒன்று, இடையே இவ்வளவு வித்தியாசம்.

பம்பு எதுவானாலும் சரி. வால்வு கார் வால்வு மாதிரியேதான், ஆகவே 12 வோல்ட் சின்ன கம்ப்ரசரோ சைக்கிள் கைப்பம்போ வேலை செய்யும். கஷ்டம் சக்கர உறையில்தான். வால்வு உறையின் ஓட்டைக்கு நேரே வரும்வரை விமானத்தை உருட்ட வேண்டும், தட்டை டயரோடு அது முடியாது. வளைந்த சின்ன நீட்டிப்புக் குழாய் ஒன்று பையில் இருந்தால் அந்தச் சமயத்தில் அருமை தெரியும். வேண்டாதது ஒன்று உண்டு: அழுத்தக் கட்டுப்பாடு இல்லாமல் உயர் அழுத்த சிலிண்டரை நேராக டயரில் மாட்டுவது. சின்ன டயர் நொடியில் வெடிக்கும்.

நைட்ரஜன் தேவையா என்றும் கேட்பார்கள். பெரிய பயணிகள் விமானங்களின் பிரேக் சூட்டில் டயருக்குள் தீப்பிடிக்காமல் இருக்க அது கட்டாயம். நம் டயருக்கு ஈரமில்லாத சாதாரணக் காற்று போதும்.

அளப்பது டயர் ஆறிய பிறகு, இறங்கி 2, 3 மணி நேரம் கழித்து. வெப்பம் 3 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 சதவீதம் மாறும். சமவெளி வெயிலில் சரியாக இருந்த டயர் மலை ஊர்க் குளிரில் காலையில் மெலிந்து நிற்பது ஓட்டையால் என்று சொல்ல முடியாது.

சக்கரத்தை நானே கழற்றலாமா?

உங்கள் விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இறங்கிய நாடு எது என்பதல்ல கேள்வி. அமெரிக்கப் பதிவு என்றால், அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதி பாகம் 43, பின்னிணைப்பு ஏ, டயரைக் கழற்றுவதையும் மாட்டுவதையும் பழுதுபார்ப்பதையும் தடுப்புப் பராமரிப்பில் சேர்த்திருக்கிறது. பிரைவேட் பைலட் உரிமமோ அதற்கு மேலோ உள்ளவர் தான் வைத்திருக்கும் அல்லது ஓட்டும் விமானத்தில் இதைச் செய்யலாம். விமானப் போக்குவரத்து நிறுவனங்களின் சேவையில் ஓடும் விமானமாக இருக்கக் கூடாது. செய்ததைப் பதிவேட்டில் தேதி, வேலை விவரம், கையெழுத்து, உரிம எண்ணோடு எழுத வேண்டும்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதால் கை பழகியிருக்கிறது என்று ஆகிவிடாது. முதல் தடவை செய்து பார்க்க வேண்டிய இடம் உங்கள் ஹேங்கர், பக்கத்தில் மெக்கானிக் இருக்கும்போது. வெளியூரில் முதல் பாடம் வேண்டாம்.

ஜாக்கி எங்கே வைப்பது?

கையேடு காட்டும் இடத்தில் மட்டும். செஸ்னாவின் வளையும் எஃகுக் காலில் மாட்டும் தனித் தாங்கி உண்டு. அதை வைத்துத் தூக்கும்போது கால் வளைந்து சக்கரம் உள்பக்கம் நழுவும், ஜாக்கி சாயும். பாதியில் இறக்கி, ஜாக்கியை நேராக்கி, மறுபடி தூக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் இப்படித் தூக்கக் கூடாது. பிரேக் வார்ப்பின் அடியில் ஜாக்கி கொடுப்பதும் கூடாது. பைப்பரில் இறக்கைக்குக் கீழே ஜாக்கி இடம் இருக்கும், வாலில் பாரமும் கட்ட வேண்டும்.

தூக்குவதற்கு முன் ஆட்களை இறக்குங்கள், மற்றச் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். பார்க்கிங் பிரேக்கை நம்பாதீர்கள், விடுவித்துவிடுங்கள். பிரேக்கைப் பிரிக்கும்போது அழுத்தம் இருந்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும், எண்ணெய் கொட்டும். அதே காரணத்துக்காக, உள்ளே உட்கார்ந்திருக்கும் நண்பர் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் ஹேங்கர் கேளுங்கள் அல்லது காத்திருங்கள்.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து எங்கே?

சக்கரத்தைப் பிரிப்பதில். விமானச் சக்கரம் இரண்டு பாதிகள், நடுவே போல்ட்டுகள் சேர்த்துப் பிடித்திருக்கும். டயரில் காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் பாதிகள் குண்டு மாதிரி பிரிந்து பறக்கும். இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். தட்டையாகத் தெரிகிற டயரிலும் கொஞ்சம் காற்று இருக்கலாம். ஆகவே சக்கரம் அச்சில் இருக்கும்போதே வால்வின் ஊசியை முழுக்கக் கழற்றி எடுத்துவிடுங்கள். சீறல் நின்ற பிறகும் ஊசியை மாட்டாமல் வேலையைத் தொடருங்கள்.

புது டியூப் போடும்போது எதைக் கவனிப்பது?

டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து விடுவிக்கக் காலால் அல்லது மரக்கட்டையால் அமுக்குங்கள். திருப்புளி வைத்து நெம்பினால் ரிம்மில் கீறல் விழும்; விரிசல் அங்கேதான் தொடங்கும்.

டயரின் உள்பக்கத்தை வெறும் விரலால் மெதுவாகத் தடவுங்கள். ஓட்டை போட்ட முள் இன்னும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் புது டியூபும் அரைமணியில் போய்விடும். பிறகு உள்ளே டால்க் பவுடர் தூவுங்கள். டயரில் சிவப்புப் புள்ளி இருக்கும், அது எடை குறைந்த இடம். டியூபில் மஞ்சள் கோடு இருந்தால், அது எடை கூடிய இடம், இரண்டையும் நேராக வையுங்கள். கோடு இல்லாவிட்டால் வால்வைச் சிவப்புப் புள்ளிக்கு நேராக.

டியூபுக்கு உருவம் வரும் அளவு மட்டும் காற்றுக் கொடுத்து, ரிம் பாதிகளைச் சேருங்கள். வெளியூர் வேலைகளில் அதிகம் கெடுவது இங்கேதான்: டியூபின் ஒரு மடிப்பு இரண்டு பாதிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். போல்ட்டை இறுக்கும் முன் சுற்றிலும் எட்டிப் பாருங்கள். இறுக்குவது மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவியில்), சக்கரத்தின் சீட்டோ கையேடோ சொல்லும் அளவில். பிறகு காற்றடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடியுங்கள், சுருக்கங்கள் நேராகும்.

அச்சில் மாட்டும்போது பேரிங்குகளில் மணல் ஒட்டாமல் பாருங்கள். நட்டு இறுகியதும் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. காட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் கம்பிப் பின்) புதிதாக இருக்க வேண்டும். பிரேக் போல்ட்டில் பாதுகாப்புக் கம்பி இருந்ததா, திரும்பப் போட்டாயிற்றா என்று பாருங்கள். புது டயராக இருந்தால் முதல் நாளில் விரிந்து அழுத்தம் குறையும். மறுநாள் காலை அளந்து நிரப்புங்கள்.

டியூபுக்கு ஒட்டுப் போடலாமா? ஓட்டை அடைக்கும் திரவம்?

டியூபின் விலைக்கு ஒட்டு எனக்கு நியாயமாகப் படவில்லை. அடைப்புத் திரவம் வேண்டவே வேண்டாம். உள்ளே ஒரு பக்கம் தேங்கிச் சக்கரம் ஆடும், அப்புறம் பிரிக்கும் மெக்கானிக்கின் சாபமும் சேரும்.

அவசரத்துக்கு வேறு டயர்?

6.00-6 என்றால் அகலம் 6 அங்குலம், ரிம் 6 அங்குலம். 15x6.00-6 என்று எழுதியிருப்பது வேறு டயர், பொருந்தாது. அளவோடு பிளை எண்ணிக்கையும் (டயரின் வலிமையைக் காட்டும் எண்) வேக மதிப்பும் உங்கள் கையேட்டுக்குப் பொருந்த வேண்டும். தள்ளுவண்டி டயர் அளவு சரியாக இருந்தாலும் தொடாதீர்கள்.

இதை விபத்து என்று அறிவிக்க வேண்டுமா?

அமெரிக்காவில் போக்குவரத்து விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி.யின் விதி 830 டயர், சக்கரம், கால் பகுதிச் சேதத்தைப் பெரும் சேதமாக எண்ணுவதில்லை. மற்ற நாடுகளில் அந்தந்த விதி. ரன்வேயை மூடவைத்தீர்கள் என்றால் நிலையத்தார் விவரம் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். வாடகை விமானம் என்றால் கை வைக்கும் முன் உரிமையாளரைக் கூப்பிடுங்கள். எந்த மெக்கானிக், யார் பணம் என்பது அவர் சொல்ல வேண்டியது.

பையில் என்ன வைத்திருப்பது?

பிரதானத்துக்கு ஒரு டியூப், மூக்குக்கு ஒரு டியூப். டயர் ஏதாவது ஒரு நிலையத்தில் கிடைத்துவிடும், சரியான டியூப்தான் திங்கட்கிழமை வரை உட்காரவைக்கும். அதோடு வால்வு ஊசிகளும் அதைக் கழற்றும் சாவியும், அழுத்தமானி, காட்டர் பின்கள், சிறு கம்ப்ரசர், சக்கரப் பகுதிக் கையேட்டின் பக்கங்கள். ஜாக்கியைச் சுமக்க வேண்டாம், இரவல் கிடைக்கும். உங்கள் விமானத்துக்கென்றே உள்ள தாங்கி இரவல் கிடைக்காது, அதை மட்டும் வையுங்கள்.

அந்த டியூபை வருடக்கணக்கில் விமானத்திலேயே வைத்திருக்கலாமா?

பெட்டியிலேயே, வெயில் படாத இடத்தில், எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் இல்லாமல். இயற்கை ரப்பர் டியூபைவிட பியூட்டைல் டியூப் காற்றை நெடுநாள் பிடிக்கும், வாங்கும்போதே அதைக் கேளுங்கள். ஆண்டுப் பரிசோதனைக்கு விமானம் திறக்கும்போது டியூபையும் எடுத்து மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, வேறு கோணத்தில் மடித்து வையுங்கள்.